டிக்கெட்டில் ஐந்தே கால் மணி, இருக்கையில் பத்தே முக்கால்

"ஐந்தே கால் மணி நேரம்தானே டாக்டர்? தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டால் நடுவில் எழுந்திருக்கும் தொல்லையே இல்லை." மகளின் பிரசவத்துக்காக லண்டன் புறப்பட்ட 64 வயது அம்மா சொன்னது இது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின், இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசி ஒன்று.

டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். சென்னையில் காலை 5.30க்குப் புறப்பாடு, லண்டனில் காலை 10.45க்கு இறக்கம். கழித்துப் பார்த்திருக்கிறார். ஆனால் அச்சாகியிருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, கோடையில் நாலரை. அவர் போனது குளிர்காலத்தில் என்பதால், இறங்கும்போது நம் ஊரில் மாலை 4.15. சுமார் 8,200 கிலோமீட்டர், பத்தே முக்கால் மணி நேரம். மேற்கே போகும்போது எதிர்க்காற்று. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறையும்.

டிக்கெட் நகலின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொடுத்தேன். சாப்பாட்டுக்கான ஊசியைக் கடிகாரம் பார்த்துப் போடக் கூடாது; உணவுத் தட்டு கைக்கு வந்த பிறகே போட வேண்டும். வீட்டுப் பழக்கத்தில் ஏழு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு, உணவு வர ஒரு மணி நேரம் தாமதமாகி, சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கைநடுங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். குளுக்கோஸும் பிஸ்கட்டும் மேலே வைக்கும் பெட்டியில் அல்ல, மடியில் இருக்கும் பையில் இருக்க வேண்டும். இன்சுலினும் மருந்துச் சீட்டும் கைப்பையில்தான். சரக்குப் பகுதியில் இன்சுலின் உறைந்துபோகக்கூடும். உறைந்தது பிறகு உருகினாலும் பயன்படாது. இரவு ஊசியை எப்போது, எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைப் புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் அந்த அம்மாவிடம் வெகுநேரம் வாதாட வேண்டியிருந்தது. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது, நாக்கு ஒட்டிக்கொள்ளும். மணிக்கணக்காகக் காலைத் தொங்கவிட்டு அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பின் இந்த அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுதான், பயந்து பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. முன்பு ரத்தக்கட்டி வந்தவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் தனியாக ஆலோசனை பெற வேண்டும். மற்றவர்கள் நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், கழிப்பறைக்கு நடந்து போங்கள். அந்த நடையே மருந்து. ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, சில வாரங்கள் கழித்துக்கூட, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ பயணக் களைப்பு என்று படுத்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரைக்குப் போனில் அலாரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. இறங்கியதும் போன் பெரும்பாலும் தானாக லண்டன் நேரத்துக்கு மாறிவிடும். இரவு 8 மணி அலாரம் அடிக்கும்போது நம் ஊர்க் கணக்கில் நள்ளிரவு 1.30. அந்த அம்மாவிடம் பழைய கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. முதல் இரண்டு நாட்கள் அதைச் சென்னை நேரத்திலேயே ஓடவிடச் சொன்னேன்.