பூட்டிய வீடும் கரிமூட்டமும்

ஊட்டியில் எங்கள் வீட்டுக்குக் கீழ்ச்சரிவில் ஒரு பழைய பங்களா இருந்தது. தகரக் கூரை, பலகைத் தரை, கூடத்தில் ஒரு கணப்பு. வருடத்தில் பத்து நாள் ஆள் இருந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் பூட்டுதான். ஒரு ஜனவரி இரவு, புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்த நேரம், அங்கே புகை வருவதைப் பார்த்து நாலைந்து பேர் ஓடினோம்.

தீ எதுவும் கண்ணில் படவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் உள்பக்கம் தார் பூசியது போலக் கறுத்திருந்தன. முன்கதவின் அடியிடுக்கில் பழுப்பும் மஞ்சளும் கலந்த புகை கொஞ்சம் வெளியே வரும், பிறகு உள்ளே இழுத்துக்கொள்ளும், மறுபடி வரும். வீடு மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் கடப்பாரையோடு கதவை நெம்பப் போனார். அதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. இறங்கிய நிலைய அலுவலர் போட்ட முதல் சத்தம், "அண்ணே, கதவைத் தொடாதீங்க! அப்படியே தள்ளி வாங்க!"

"வீடு எரியுதுங்க சார், கதவைத் திறந்தாத்தானே தண்ணி அடிக்க முடியும்?" என்றார் அண்ணன். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வி அன்றிலிருந்து எனக்குள்ளேயே இருக்கிறது. மலை ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் வருடா வருடம் கூடிக்கொண்டே போவதால், இதற்கான பதில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும் விட்டுத் தீ வைப்பார்கள். உள்ளே நாள்கணக்கில் வெந்துகொண்டே இருக்கும், ஆனால் கொழுந்து விட்டு எரியாது. மண் பூச்சில் எங்காவது வெடிப்பு விட்டால் ஓடிப்போய் அடைப்பார்கள். அடைக்காவிட்டால் காற்று புகுந்து, கரியாக வேண்டிய விறகெல்லாம் சாம்பலாகிவிடும். கதவும் ஜன்னலும் சாத்திய வீட்டுக்குள் தீப்பிடித்தால், அந்த வீடும் ஒரு கரிமூட்டம்தான். கடப்பாரை போடுவது அந்த வெடிப்பை நாமே உண்டாக்குவது.

விறகு எரிகிறது என்று சொல்கிறோம். உண்மையில் கொழுந்தாக எரிவது விறகு அல்ல, சூட்டில் விறகிலிருந்து கிளம்பும் வாயுக்கள். இதை வீட்டிலேயே பார்க்கலாம். கொஞ்ச நேரம் எரிந்த மெழுகுவர்த்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை இழை எழும். திரியைத் தொடாமல், அந்த இழையில் ஒரு விரல்கடை மேலே எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகை வழியாகவே கீழே குதித்துத் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை எரிந்து முடிந்த குப்பை அல்ல, எரியக் காத்திருக்கும் மெழுகு. பூட்டிய பங்களாவை நிறைத்திருந்த புகையும் அதே வகைதான்.

அது ஏன் எரியாமல் காத்திருக்கிறது? ஆக்சிஜன் போதவில்லை. இங்கே ஒரு சின்னக் கணக்கு. எந்தப் பொருள் எரிந்தாலும் சரி, ஒரு கிலோ ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 13 மெகாஜூல் வெப்பம் வரும். 1917-இல் தார்ன்டன் என்ற ஆய்வாளர் கவனித்துச் சொன்னது இது, இன்றைக்கும் தீ ஆய்வகங்களில் இதை வைத்துத்தான் அளக்கிறார்கள். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று லேசு. அந்த அறைக்குள் சுமார் 56 கிலோ காற்றுதான் இருக்கும், அதில் 13 கிலோ ஆக்சிஜன். அதையும் தீ முழுசாகத் தின்ன முடியாது. காற்றில் கன அளவில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜன் 15 சதவீதம் பக்கம் இறங்கும்போதே கொழுந்து தள்ளாட ஆரம்பித்துவிடும். ஆக, அந்தப் பெரிய அறையின் காற்றை வைத்து மொத்தமே மூன்று கிலோ விறகைத்தான் கொழுந்தாக எரிக்க முடியும். மூன்றே கிலோ! அந்த அறையில் இருக்கும் ஒரு சோபா மட்டும் அதைப் போலப் பல மடங்கு எடை.

எனவே கொஞ்ச நேரத்தில் கொழுந்து அடங்கிவிடும். சூடு மட்டும் அடங்காது. பலகையும் மெத்தையும் வெந்து வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் எரிபொருள் நிறைய, சூடும் தயார், வர வேண்டியது காற்று மட்டும்தான். கதவைத் திறந்தால் மேல்பாதி வழியாகச் சூடான புகை வெளியே பாயும், கீழ்பாதி வழியாகக் குளிர்காற்று தரையோடு தரையாக உள்ளே ஓடும். சில நொடிகளோ ஒரு நிமிடமோ ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அந்த இடைவெளியில்தான் காற்றும் புகையும் கலக்கின்றன. கலவை சரியான அளவுக்கு வந்து உள்ளே கனன்றுகொண்டிருக்கும் ஒரு கங்கைத் தொட்டால், மொத்தமும் ஒரே வீச்சில் பற்றிக் கதவு வழியாக நெருப்புப் பந்தாக வெளியே பாயும். இதற்கு பேக்டிராஃப்ட் என்று பெயர். கதவுக்கு நேரே நிற்பவர் தப்புவது கஷ்டம். கறுத்த கண்ணாடி, தொட முடியாத சூடு, கொழுந்து தெரியாத புகை, உள்ளும் வெளியும் போய்வரும் அந்த மூச்சு எல்லாம் இதற்கு முன்னறிகுறிகள். அன்றைக்கு எங்கள் கண் முன்னால் நான்கும் இருந்தன. எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

அப்புறம் அந்த அலுவலர் செய்தது எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. ஹோஸை விரிக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு வீட்டைச் சுற்றி நடக்கப் போய்விட்டார். தீ எரியும்போது நடை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று தோன்றியது. மலைவீட்டில் அந்த நடைதான் உயிரைக் காப்பாற்றுகிறது என்று பிறகுதான் புரிந்தது. சாலைப்பக்கம் பார்த்தால் ஒரே தளம். பின்பக்கம் சரிவில் இறங்கினால் அடியில் இன்னொரு தளம், விறகும் பழைய சாமானும் போட்டு வைக்கும் அறை. தீ அங்கேதான் இருந்தது. முன்கதவு வழியாக உள்ளே போயிருந்தால், தீக்கு மேலே, அதுவும் அடித்தளத்தின் புகை ஏறிவரும் படிக்கட்டின் உச்சியில் போய் நின்றிருப்பார்கள். அடுப்பின் புகைபோக்கிக்குள் தலையை விட்டது மாதிரி.

சான் பிரான்சிஸ்கோவில் 2011 ஜூன் 2-ஆம் தேதி இதேதான் நடந்தது. சரிவில் கட்டிய வீடு, சாலைமட்டத்தில் நுழைந்தார்கள், தீ கீழ்த்தளத்தில் இருந்தது. கீழே ஒரு ஜன்னல் உடைந்து காற்றுப்பாதை திறந்ததும் வெப்பமெல்லாம் மேலே ஏறி வந்தது. இரண்டு வீரர்கள் இறந்தார்கள். அது ஆட்கள் குடியிருந்த வீடு, ஆனால் அமைப்பு நம் ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் சரிவுகளில் இருக்கும் வீடுகளேதான்.

சுற்றி வந்தவர் எங்களிடம் கேட்டார். "உள்ள யாராச்சும் இருப்பாங்களா?"

"இல்லீங்க சார், பூட்டித்தான் கிடக்கு. வாட்ச்மேன் பகல்ல வந்துட்டுப் போவாரு."

"பூட்டிக் கிடக்குன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமில்லீங்க. ராத்திரியில யாரும் ஒதுங்குறது உண்டா?"

காலி வீட்டுத் தீயில் இதைவிடக் கடினமான கேள்வி கிடையாது. அமெரிக்காவில் வூஸ்டர் நகரில் 1999 டிசம்பர் 3-ஆம் தேதி, கைவிடப்பட்ட ஒரு குளிர்பதனக் கிடங்கு எரிந்தது. வீடில்லாத இருவர் அங்கே தங்கியிருந்தார்கள், அவர்கள் தட்டிவிட்ட மெழுகுவர்த்தியில் பற்றியது. அவர்கள் உள்ளே மாட்டியிருப்பார்கள் என்று தேடப் போன ஆறு வீரர்கள் புகையில் வழி தெரியாமல் இறந்துபோனார்கள். தேடப்பட்ட இருவரும் முன்பே வெளியே போயிருந்தார்கள். சிகாகோவில் 2010 டிசம்பரில் காலியான ஒரு சலவைக் கூடத்தின் கூரை விழுந்து இருவர், பால்டிமோரில் 2022 ஜனவரியில் காலி வீடு ஒன்று இடிந்து மூவர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். யாரும் அலட்சியத்தால் சாகவில்லை. ஒருவேளை ஆள் இருந்தால் என்ன செய்வது என்ற எண்ணத்தால் செத்தார்கள்.

இதற்காகவே அங்கே பல ஊர்களில் காலிக் கட்டடங்களின் முகப்பில் சதுரக் குறி வைக்கிறார்கள். வெறும் சதுரம் என்றால் கட்டடம் திடமாக இருக்கிறது. குறுக்கே ஒரு கோடு இருந்தால் உள்ளே போவதில் மிகுந்த கவனம் வேண்டும். பெருக்கல் குறி என்றால் வெளியிலிருந்துதான் அணைக்க வேண்டும், ஆள் இருப்பது தெரிந்தால் ஒழிய உள்ளே போகக்கூடாது. நம் மலை ஊர்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும். பகலில், அவசரமில்லாமல், ஒரு தடவை போய்ப் பார்த்து வைத்த குறிப்பு இரவில் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

ஏனென்றால் காலி வீட்டின் எலும்பு நமக்குத் தெரியாது. நல்ல மரம் தீயைத் தாங்கும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர்தான் கரியாகிக்கொண்டு போகும், மேலே படியும் கரியே உள்மரத்துக்குக் கவசம். 150 மில்லிமீட்டர் உத்தரம் அரைமணி நேரம் இருபக்கமும் எரிந்தாலும் நடுவில் 100 மில்லிமீட்டருக்கு மேல் திடமாக இருக்கும். ஆனால் ஒரு அங்குலத் தரைப்பலகை அதே நேரத்தில் ஓட்டையாகிவிடும். பத்து வருடம் ஒழுகின தகரக் கூரைக்குக் கீழே உளுத்துப்போன உத்தரத்துக்கு எந்தக் கணக்கும் செல்லாது. ஆள் இருக்கும் வீட்டில் ஒழுகினால் அந்த மழையிலேயே அடைத்துவிடுவோம். பூட்டிய வீட்டில் யார் பார்ப்பது?

சரி, உள்ளே போகாமல் எப்படி அணைப்பது? பின்பக்கம் அடியறையின் சின்ன ஜன்னலை மட்டும், ஹோஸில் தண்ணீர் ஏறி நாசில் என்ற முனைக்குழாய் கைக்கு வந்த பிறகு, பக்கவாட்டில் நின்று உடைத்தார்கள். முன்கதவு மூடியே இருந்தது. ஒரு வீரர் தண்ணீரை விசிறியாக விரிக்காமல், ஒரே தாரையாக, செங்குத்தாக உள்கூரையில் படும்படி அடித்தார். கூரையில் மோதிச் சிதறி மழையாக விழுந்தது. அரை நிமிடம் இருக்கும். கறுப்புப் புகை வெள்ளையாக மாறியது.

வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால் தீயை வீட்டுக்குள்ளேயே தள்ளிவிடும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2012-இல் நியூயார்க் பக்கத்தில் கவர்னர்ஸ் தீவில், இடிக்கப்பட இருந்த காலி வீடுகளைக் கருவிகள் பொருத்தி வேண்டுமென்றே எரித்துப் பார்த்தார்கள். தாரையாக அடித்தால் தீ தள்ளப்படுவதில்லை, வீடு முழுவதுமே குளிர்கிறது என்று அளந்து காட்டினார்கள். விசிறியாக அடித்தால் புகை வெளியேறும் வழி அடைபடும் என்பதால்தான் தாரை. கதவை மூடி வைத்தாலே தீ தளர்வதும் அங்கே பதிவானது.

தண்ணீர் செய்யும் வேலையில் பெரும்பகுதி ஆவியாவதில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் சூடாகி ஆவியாக 2.6 மெகாஜூல் வெப்பத்தை விழுங்கும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். (பருப்பு வேக நேரமாவது இதனால்தான்.) சமவெளியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் ஆவியாகும் என்றால், காற்றழுத்தம் குறைந்த இங்கே அதுவே 2,100 லிட்டரைத் தாண்டும். மூடிய அறையில் இந்த ஆவி புகையையும் காற்றையும் வெளியே தள்ளித் தீயை மூச்சடைக்கும். உள்ளே ஆள் இருந்தால் வேக வைத்துவிடும் என்பதும் உண்மை. ஆள் இருப்பாரா என்று அலுவலர் திரும்பவும் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

மலை இன்னொரு விதத்திலும் படுத்தும். வண்டியில் வழக்கமாக 4,500 லிட்டர் தண்ணீர். நிமிடத்துக்கு 450 லிட்டர் அடித்தால் பத்தே நிமிடம். பிறகு குளமோ தொட்டியோ தேட வேண்டும். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கடற்கரையில் அது கணக்குப்படி 10.3 மீட்டர் உயரம் வரை தள்ளும், ஊட்டியில் 8 மீட்டரை எட்டாது. நடைமுறையில் இரண்டுமே இதைவிடக் குறைவு. எங்கள் பங்களா சாலைக்குக் கீழே இருந்தது நல்லதாகப் போயிற்று. ஹோஸ் பத்து மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஒரு பார் (கடல்மட்டக் காற்றழுத்தம் அளவு) அழுத்தம் சும்மா கிடைக்கும். மேட்டுவீடாக இருந்தால் அதே அளவு பறிபோகும்.

இன்னொரு ஹோஸ் வீட்டுக்கே போகவில்லை. பக்கத்துக் கூரைகளையும் யூகலிப்டஸ் மரங்களையும் நனைத்துக்கொண்டு நின்றது. 1843-இல் நீலகிரிக்கு வந்த மரம் இது. இலையில் எண்ணெய், நாடா நாடாவாகத் தொங்கும் பட்டை. அந்தப் பட்டை பற்றினால் காற்றில் பறந்துபோய் அடுத்த வீட்டுக் கூரைத் தூம்பில் குவிந்த சருகில் விழும். எரிகிற வீட்டில் காப்பாற்ற ஒன்றும் இல்லையென்றால், எரியாத வீடுகள்தான் முதல் வேலை.

101-க்கோ 112-க்கோ கூப்பிடும்போது வீடு பூட்டியிருக்கிறது, பின்பக்கம் கீழ்த்தளம் உண்டு, சமையலறையில் சிலிண்டர் இருக்கிறது, தொட்டி இந்த இடத்தில் என்று சொன்னால் போதும். எங்களுக்கு அன்று எதுவும் சொல்லத் தோன்றவில்லை. சிலிண்டர் பற்றி அலுவலரே கேட்ட பிறகுதான் அண்ணனுக்கு ஞாபகமே வந்தது.

சூடு இறங்கியதும் மூச்சுக்கருவி மாட்டிய இருவர் உள்ளே போய் ஒவ்வொரு அறையாகத் தடவித் தேடினார்கள். யாரும் இல்லை. விடியும்வரை உள்கூரைப் பலகைகளைக் கொக்கியால் இழுத்து, பின்னால் ஒளிந்திருக்கும் கங்கைப் பார்த்துப் பார்த்து அணைத்தார்கள். கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்தார் ஒருவர்.

காலையில் அடியறை மூலையில், இரண்டு கல்லுக்கு நடுவே சாம்பலும், கருகிய ஒரு கம்பளியும், அடி கறுத்த அலுமினியப் பாத்திரமும் கிடந்தன. பின்கதவுக்கு வெளியே உறைபனி படிந்த புல் மிதிபட்டிருந்தது. தடம் சரிவில் கீழே போயிருந்தது. நிலைய அலுவலர் அந்தத் தடத்தோடு வேலி வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் வண்டியில் ஏறினார்.