சொல் விளக்கம்: சைக்ளோகிராஸ் என்கிற குறுக்குமிதி

சைக்ளோகிராஸ்: புல்வெளி, சேறு, மணல், படிக்கட்டு, மரப்பலகைத் தடுப்பு எல்லாம் கலந்த சிறிய சுற்றுப்பாதையில், இத்தனை நிமிடம் என்று நேரம் வைத்து நடத்தும் மிதிவண்டிப் பந்தயம். ஓட்ட முடிகிற இடத்தில் ஓட்டலாம். முடியாத இடத்தில் இறங்கி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும்.

ஞாயிறு விடிகாலையில் ஏற்காடு அடிவாரத்தில் கூடுகிற கியர் சைக்கிள்காரர்களிடம் இந்தச் சொல் புழங்குகிறது. வேலைக்கோ படிப்புக்கோ பெல்ஜியம், ஜெர்மனி பக்கம் போன நம்மூர்ப் பையன்கள் அங்கே வார இறுதிப் பந்தயத்தில் பெயர் கொடுத்து ஓட்டிவிட்டுப் படம் அனுப்புகிறார்கள். முகம் நிறையச் சேறு, தோளில் சைக்கிள். அப்படியொரு படத்தை டீக்கடைப் பெரியவர் ஒருவரிடம் காட்டினால், "ஏந்தம்பி, சைக்கிள் பந்தயம்ங்கறீங்க, இவரு சைக்கிளத் தூக்கிட்டுல்ல ஓடறாரு?" என்பார். சரியான கேள்வி. தமிழில் இதற்கு என்ன பெயர் வைத்தாலும் இந்தக் கேள்விக்கு அது பதில் சொல்லியாக வேண்டும்.

சொல்லின் முன்பாதி எளிது. சைக்கிள் என்பதன் வேர் கிரேக்கத்தின் 'கைக்ளோஸ்', அதாவது வட்டம். வடமொழியின் 'சக்ர'வும் அதுவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பது மொழியியலார் முடிவு. அந்த வகையில் நாம் சக்கரம் என்பதும் சைக்கிள் என்பதும் தூரத்து உறவு. இலங்கைத் தமிழர் துவிச்சக்கர வண்டி என்று எழுதும்போது அந்த உறவு வெளிப்படையாகவே தெரிகிறது.

சிக்கல் பின்பாதியில். கிராஸ் என்றதும் சிலுவையோ பெருக்கல் குறியோதான் நினைவுக்கு வரும். 'சிஎக்ஸ்' என்று சுருக்கி எழுதும் வழக்கம் அந்த எண்ணத்தை இன்னும் வளர்க்கிறது. ஆனால் இந்தச் சொல் பிறந்தது பிரெஞ்சில். பிரெஞ்சில் சிலுவைக்கு 'க்ருவா' என்று சொந்தச் சொல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆங்கிலத்திலிருந்து 'கிராஸ்' என்று கடன் வாங்கினார்கள் என்றால், அவர்கள் மனத்தில் இருந்தது சிலுவை இல்லை, 'கிராஸ் கன்ட்ரி' ஓட்டம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பள்ளிகளில் மாணவர்கள் சாலையை விட்டிறங்கி வயல், வேலி, ஓடை என்று தாண்டி ஓடிய ஓட்டம் அது. பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சுருக்கி 'கிராஸ்' என்றார்கள். சைக்கிளில் செய்தபோது சிக்லோ-கிராஸ், மோட்டார் சைக்கிளில் செய்தபோது மோட்டோகிராஸ். ஆகவே, 'சிலுவை மிதிவண்டி' என்று யாராவது பெயர்த்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

பந்தயம் எப்படித் தொடங்கியது என்பதற்குப் பரவலாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. குளிர்காலத்தில் உடம்பு விட்டுப்போகாமல் இருக்கச் சாலைப் பந்தய வீரர்கள் அடுத்த ஊர்க் கோபுரத்தைக் குறி வைத்து, வழி எதுவானாலும் சரி என்று, வயலுக்குள் புகுந்தும் வேலி தாண்டியும் போட்டி போட்டார்களாம். இதை முறைப்படுத்தியவராகப் பிரெஞ்சுப் படைவீரர் டானியேல் கூசோவைச் சொல்வார்கள். பிரான்சின் முதல் தேசியப் போட்டி 1902இல் நடந்தது. 1910இல் டூர் டி பிரான்ஸ் என்ற பிரெஞ்சு நெடுந்தூரச் சாலைச் சைக்கிள் பந்தயத்தை வென்ற ஒக்தாவ் லபீஸ், தன் வெற்றிக்குக் குளிர்காலத்துச் சைக்ளோகிராஸ் பயிற்சியும் ஒரு காரணம் என்றார். அதன் பிறகு இதற்கு மவுசு கூடியது. முதல் உலகப் போட்டி 1950இல் பாரிசில் நடந்தது. வென்றவர் ஜான் ரோபிக், 1947 டூர் வெற்றியாளர். பெண்களுக்கான உலகப் போட்டி வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐம்பது வருடத் தாமதத்துக்கு நல்ல காரணம் எதுவும் கிடையாது.

இடையில் ஒரு கிளைக்கதை. பிரெஞ்சுச் சைக்ளோகிராஸ் பட்டத்தைப் பலமுறை வென்ற யூஜீன் கிறிஸ்தோஃப், 1913 டூரில் டூர்மலே மலையிறக்கத்தில் முன்ஃபோர்க் முறிந்துபோய், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஒரு கொல்லன் பட்டறையில் தானே அதைச் சரிசெய்துகொண்டு பந்தயத்தைத் தொடர்ந்தார். தோள் பழகியிருந்தது.

அமெச்சூர் வார இறுதி என்பது சனி ஒரு பந்தயம், ஞாயிறு ஒரு பந்தயம். அமெச்சூர் என்ற சொல் கபடிக் கழகங்களின் பெயர்ப் பலகையிலேயே நமக்குப் பழக்கம். பணத்துக்காக இல்லாமல் பிரியத்துக்காக ஆடுகிறவர் என்பது அதன் லத்தீன் வேர்ப்பொருள். வயது, அனுபவம் பார்த்துப் பிரிவு பிரிப்பார்கள். புதியவர்களுக்கு 30 முதல் 45 நிமிடம். உலகத் தரத்து ஆண்களுக்கு ஒரு மணி நேரம். எத்தனை சுற்று என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். முதல் ஓரிரு சுற்றுக்கு ஆகும் நேரத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும். அந்த மணிச் சத்தத்துக்காக ஏங்காத அமெச்சூர் இல்லை.

சுற்றுப்பாதை 2.5 முதல் 3.5 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. நடுவே இரண்டு பலகைகள், ஒவ்வொன்றும் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு மிகாமல், சில மீட்டர் இடைவெளியில். அவற்றை நெருங்கும்போது வலக்காலைச் சீட்டுக்குப் பின்னால் வீசி, இடப்பக்கப் பெடலில் மட்டும் நின்றபடி வந்து, வேகம் குறையாமல் தரையில் கால் வைத்து ஓடி, வண்டியைத் தூக்கியபடி இரண்டையும் தாண்டி, மறுபடி தாவி உட்கார வேண்டும். பெடலில் ஒரு கால் வைத்து உந்தி உந்தி ஏறுகிற நம் பழக்கம் இங்கே உதவாது. இரண்டு காலும் தரையை விட்டெழும்பி, உள்தொடை சீட்டில் பட வேண்டும். தயங்கினால் என்ன ஆகும் என்பதை ஆண் வாசகர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

டயர் அகலம் 33 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது பெரிய போட்டிகளின் விதி. அமெச்சூர் பந்தயங்களில் பல இடங்களில் இதைக் கண்டுகொள்வதில்லை, மலைச் சைக்கிளோடு வந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள். டயரில் காற்றை, சாலைப் பந்தய சைக்கிளுக்கு அடிப்பதில் பாதிக்கும் குறைவாக வைப்பார்கள், அப்போதுதான் சேற்றில் பிடிப்புக் கிடைக்கும். சனி இரவு முழுக்கச் சைக்கிளைக் கழுவுவதிலும், ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து உலர்த்துவதிலும் போய்விடும். ஞாயிறு அதே தடம் வேறு முகம் காட்டும். முதல்நாள் நூற்றுக்கணக்கான சக்கரங்கள் உழுத தடம் இறுகி வரிவரியாக நிற்கும். நேற்று ஓட்டிய இடத்தில் இன்று ஓட வேண்டியிருக்கும்.

இனி தமிழ்ப் பெயர். பிற மொழிகள் பிரெஞ்சுச் சொல்லை அப்படியே விழுங்கிவிடவில்லை. டச்சுக்காரர்கள் 'வயல் ஓட்டு' என்ற பொருளில் ஃபெல்ட்ரெய்டன் என்கிறார்கள். ஜெர்மானியர் 'வயலுக்குக் குறுக்கே' என்ற பொருளில் க்வேர்ஃபெல்ட்ஐன் என்கிறார்கள். இத்தாலியில் சிக்லோகம்பெஸ்ட்ரே என்று ஒரு பழைய பெயர் உண்டு, அதுவும் வயல்வெளியைச் சொல்வதே.

டச்சு வழியில் போனால் நமக்கு வயல்மிதி. ஆனால் வயல் என்றால் நமக்கு நெல், நாற்று, வரப்பு. அதற்குள் சைக்கிள் விட்டவனை ஊர் சும்மா விடாது. சேலத்துப் பேச்சில் மானாவாரி நிலத்துக்குக் காடு என்று பெயர். 'காட்டுக்குப் போயிருக்காரு' என்றால் சோளமோ கடலையோ போட்ட நிலத்துக்குப் போயிருக்கிறார் என்று பொருள். அந்தக் கணக்கில் காட்டுமிதி மிகப் பொருத்தம், என் மனத்துக்கும் பிடித்தது. தஞ்சாவூர்க்காரர் யானைக்காடு என்று நினைப்பார் என்பதால் கைவிட வேண்டியிருக்கிறது. 'சேற்றுமிதி' என்றால் மணல்மேட்டுக்கும் பனிக்கும் பொருந்தாது. பெல்ஜியத்தின் கோக்சைடே தடம் மணற்குன்றுகளுக்குப் பேர்போனது.

நான் பரிந்துரைப்பது குறுக்குமிதி. குறுக்கு என்பதில் வரலாறு அடங்கிவிடுகிறது. சுற்றிப் போகாமல் 'குறுக்கால விழுந்து' போவது எந்த ஊர்த் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை. சேர்வராயன் மலையில் வண்டிகள் வளைவு வளைவாகச் சுற்றி ஏறும்போது, நடக்கிறவர் ஒற்றையடிப் பாதையில் நேராக ஏறிவிடுவார். கூசோ காலத்து வீரர்கள் செய்ததும் அதுதான். (யாழ்ப்பாணத்தில் 'குறுக்கால போவான்' ஒரு வசை. அவர்கள் மன்னிக்க வேண்டும்.)

மிதி என்பதில் டீக்கடைக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பெடலை அழுத்துவதும் மிதிப்பதுதான், தரையில் கால் பதிப்பதும் மிதிப்பதுதான். மிதிவண்டி, தீமிதி, சுவருக்கு மண் மிதிப்பது எல்லாவற்றிலும் ஒரே வினை. ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ இந்த வசதி இல்லை. வண்டி மேலிருந்தாலும் வண்டி தோளிலிருந்தாலும் வீரர் மிதித்துக்கொண்டேதான் இருக்கிறார். குறுக்கு என்றால் இடுப்பு என்றும் சில ஊர்களில் பொருள். திங்கட்கிழமை காலை குறுக்கு வலியோடு எழுகிறவர் அந்தப் பொருளையும் ஒப்புக்கொள்வார்.

புதுச்சொல் நிலைக்குமா என்று கேட்பவர்களுக்கு ஏற்காடு மலைப்பாதையே சான்று. சேலத்திலிருந்து ஏறும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அது ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தது என்று இன்று யாருக்கும் தோன்றுவதில்லை. கொண்டை ஊசி எல்லா வீட்டிலும் இருந்தது, வளைவைப் பார்த்தால் ஊசி தெரிந்தது, சொல் நின்றுவிட்டது. மாறாக, மிதிவண்டி என்பது விலையில்லா மிதிவண்டித் திட்டத்தின் காகிதங்களிலும் பாடநூலிலும் உயிரோடு இருக்கிறது, பேச்சில் சைக்கிள்தான். குறுக்குமிதிக்கும் அநேகமாக அதே கதிதான். எழுத்தில் அது இருக்கட்டும், அடிவாரத்தில் 'கிராஸ் ரேஸ்' என்றே சொல்லிக்கொள்ளட்டும். குரங்கு பெடல் என்ற அருமையான சொல்லை எந்தச் சொல்லாக்கக் குழுவும் செய்து கொடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துணைச் சொற்களில் தடுப்புப் பலகை, சுற்று, மாற்றிடம் (பழுதான சைக்கிளை விட்டு வேறொன்றை எடுக்கும் 'பிட்') ஆகியவற்றுக்குச் சண்டை வராது. வண்டியைத் தோளில் போடுவதற்குத் தோளேற்றல் போதும். 'ஆஃப் கேம்பர்' என்பது மேட்டில் ஏறாமலும் இறங்காமலும் அதன் பக்கவாட்டிலேயே ஓட்டிச் செல்ல வேண்டிய தரை. பக்கச்சரிவு என்றால் காபித் தோட்டச் சரிவில் நடந்த எவருக்கும் காலே பொருள் சொல்லும்.

எழுதும்போது: குறுக்குமிதி வீரர், குறுக்குமிதிப் போட்டி, குறுக்குமிதித் தடம். 'குறுக்கு'க்கும் 'மிதி'க்கும் நடுவே ஒற்று வராது. 'குறுக்குமிதி'க்குப் பின் வல்லினம் வந்தால் மிகும். ஒலிபெயர்த்தே எழுத விரும்புகிறவர்கள் சைக்ளோகிராஸ் என்று இடைக்கோடு இல்லாமல் எழுதலாம்.