ஏலத்தில் வரும் ஜோர்டன் கார்டு: புகைப்படத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட, சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் பழைய கார்டுகள் அசலா என்று சோதித்துச் சொல்லும் என் தொழிலில், மேசைக்கு ஓயாமல் வரும் போலி, 1986இல் ஃப்ளீர் நிறுவனம் வெளியிட்ட, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் கார்டுதான். 132 கார்டுகள் கொண்ட தொகுப்பில் அது 57ஆம் எண். அதை ஆன்லைன் ஏலத்தில் கேட்பவர் பார்ப்பது கார்டை அல்ல, விற்பவர் எடுத்த புகைப்படத்தை. எனவே விலையை விட்டுவிட்டு, அந்தப் படத்தில் அச்சு தெரிகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அக்காலக் கார்டுகள் ஆஃப்செட் முறையில் அச்சானவை. வீரரின் படம் நான்கு நிற நுண்புள்ளிகளால் உருவாகியிருக்கும். கறுப்பு எழுத்துகளும் கோடுகளுமோ பெரும்பாலும் முழு மையில் விழுந்து, ஓரம் பிசிறின்றி இருக்கும். அசலை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிடும்போது அந்த எழுத்துகளும் புள்ளிகளாகச் சிதறிவிடுகின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இதை நொடியில் காணலாம். கையில் கார்டு இல்லாத நிலையில், எழுத்துகளையும் சின்னத்தையும் மிக அருகில் எடுத்த படங்களை விற்பவரிடம் கேளுங்கள். "தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது, எனக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதிவிட்டு மங்கலான ஒரே படத்தைப் போடுபவர்கள் இதற்குப் பெரும்பாலும் பதில் தருவதில்லை.

அளவும் பேசும். 1952ஆம் ஆண்டு டாப்ஸ் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு 2⅝ அங்குல அகலமும் 3¾ அங்குல உயரமும் கொண்டது. அதே தொகுப்பை டாப்ஸ் நிறுவனமே 1983இல் மறுபதிப்பாக வெளியிட்டபோது, அளவை 2½க்கு 3½ அங்குலமாகக் குறைத்தது. அருகில் அளவுகோல் வைத்து எடுத்த ஒரு படம், மறுபதிப்பை அசலென்று விற்கும் முயற்சியை அங்கேயே முடித்துவிடும்.

அழகான கார்டுதான் அசல் என்ற எண்ணமும் ஆபத்தானது. கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனம் 1979இல் அச்சிட்ட வேய்ன் கிரெட்ஸ்கியின் ஐஸ் ஹாக்கி கார்டுகள் கம்பியால் அறுக்கப்பட்டதால், பலவற்றின் விளிம்புகள் சொரசொரப்பாகவே இருக்கும். நான்கு பக்கமும் கத்தரித்தாற்போல் நேராக உள்ள கிரெட்ஸ்கியைக் கண்டால் எனக்குச் சந்தேகமே முதலில் எழுகிறது.

கார்டைச் சோதித்து, சான்று எண்ணோடு உறையில் அடைத்துத் தரும் தரச்சான்று நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதாலேயே நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. உறையையே போலியாகச் செய்து, வேறொரு உண்மையான கார்டின் சான்று எண்ணை அதில் அச்சிடுகிறார்கள். ஆகவே எண் இணையத்தில் சரியாக வருகிறது என்பது பாதிச் சோதனைதான். அந்த எண்ணுக்குரிய கார்டின் படம் சான்று நிறுவனத்தின் பதிவிலோ பழைய ஏல விற்பனைகளிலோ இருந்தால், நான்கு ஓரங்களின் வெள்ளை இடைவெளி, அச்சில் தவறி விழுந்த மைப்புள்ளிகள், மூலைத் தேய்மானம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

ஏலத் தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொல்பவரிடம் இந்தச் சோதனைகள் எதுவும் தேவையில்லை, விலகிவிடலாம். வாங்கிய கார்டு வந்ததும், பொட்டலத்தைப் பிரிப்பதை வீடியோவாகப் பதிவு செய்து, திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் லூப்பை வைத்துப் பார்த்துவிடுங்கள்.