உங்கள் தொகுதியின் பெயர் ஏன் மாறியது? ஸ்காபரோ–றூஜ் பார்க்கை வைத்து ஒரு விளக்கம்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதி ஒன்ராறியோ மாகாணத் தேர்தல். ஏப்ரல் 28ஆம் திகதி மத்திய தேர்தல். ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் கிழக்கு மூலையில், போர்ட் யூனியன் பக்கம் குடியிருக்கும் ஒருவர் முதலாவது தேர்தலில் ‘ஸ்காபரோ–றூஜ் பார்க்’ தொகுதியில் வாக்களித்தார். இரண்டு மாதம் கழித்து, அதே வீட்டிலிருந்து போய், ‘ஸ்காபரோ–கில்ட்வூட்–றூஜ் பார்க்’ தொகுதியில் வாக்களித்தார். வாக்காளர் அட்டையைப் பார்த்ததும், “இது எங்கட தொகுதி இல்லையே, மாறி அனுப்பிவிட்டார்களோ?” என்றுதான் கேட்கத் தோன்றும். மாறி அனுப்பவில்லை. எல்லைக் கோடுதான் மாறிவிட்டது.

இலங்கையில் நாம் மாவட்டத்துக்கு வாக்களித்து, பட்டியலில் விருப்பு இலக்கத்துக்குப் புள்ளடி போட்டுப் பழகியவர்கள். கனடாவில் ஒரு தொகுதிக்கு ஒரே ஒரு பாராளுமன்ற உறுப்பினர். கூடுதல் வாக்கு எடுத்தவர் வென்றவர். பாதிக்கு மேல் எடுக்கவேண்டும் என்றில்லை. அதனால் கோடு எந்தத் தெருவால் போகிறது என்பதே சில இடங்களில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்துவிடும். யார் அந்தக் கோட்டைக் கீறுகிறார்கள் என்பது அவ்வளவு முக்கியம்.

1960களின் தொடக்கம் வரை அதைக் கீறியது பாராளுமன்றமேதான். அதாவது, ஆளும் கட்சி. 1882இல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் ஒன்ராறியோவில் லிபரல் வாக்குகளை ஒருசில தொகுதிகளுக்குள் குவித்து அடைத்த கதை கனடிய அரசியலில் இன்றும் பேசப்படுவது. இன்னொரு பக்கம், கோட்டை மாற்றாமலே விடுவதாலும் அநியாயம் நடந்தது. இதற்கு நல்ல உதாரணம் எங்கள் ஸ்காபரோவேதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வயல்வெளியெல்லாம் வீடாக மாறியபோது, அப்போதிருந்த யோர்க்–ஸ்காபரோ என்ற ஒற்றைத் தொகுதி வீங்கிக்கொண்டே போனது. 1961ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அதில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கியூபெக்கின் மக்டலன் தீவுகள் தொகுதியிலோ பன்னிரண்டாயிரம் பேரளவில். இரண்டுக்கும் ஆளுக்கொரு உறுப்பினர். தீவில் ஒருவருடைய வாக்குக்கு இருந்த பெறுமதியில் ஸ்காபரோக்காரருக்கு இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

1964இல் வந்த தேர்தல் எல்லை மீள்சீரமைப்புச் சட்டம் இந்த வேலையைக் கட்சிகளின் கையிலிருந்து எடுத்தது. இன்றைக்கும் அதன்படிதான் நடக்கிறது. பத்து வருடத்துக்கு ஒருமுறை, குடிசன மதிப்பீடு முடிந்ததும், ஒவ்வொரு மாகாணத்துக்கும் மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு அமைக்கப்படும். தலைவராக ஒரு நீதிபதி. அவரை நியமிப்பவர் மாகாணப் பிரதம நீதியரசர். மற்ற இருவரையும் கனடியப் பாராளுமன்றத்தின் சபாநாயகர் நியமிப்பார். மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்பது முதலில் முடிவாகும், பிறகு மாகாணச் சனத்தொகையை அந்த எண்ணிக்கையால் பிரிப்பார்கள். ஒன்ராறியோவின் கணக்கு இது: 2021இல் 14,223,942 பேர், 122 ஆசனங்கள், ஆக ஒரு தொகுதிக்கு 116,590 பேர். இதிலிருந்து 25 சதவீதம் கூடவோ குறையவோ போகலாம். மிகவும் விசேஷமான காரணம் இருந்தால் அதையும் தாண்டலாம்; ஆட்கள் குறைந்த வடக்குப் பகுதிகளுக்காகத்தான் பெரும்பாலும் அந்தச் சலுகை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எண்ணப்படுவது வாக்காளர்கள் அல்ல, குடியிருப்பவர்கள். நேற்று வந்த நிரந்தர வதிவாளர், பள்ளிக்கூடப் பிள்ளை, குடியுரிமை எடுக்காமலே இருக்கும் அப்பம்மா எல்லோரும் கணக்கில் வருவார்கள். குடிசன மதிப்பீட்டுப் படிவத்தை “எனக்கு வாக்கில்லைத்தானே” என்று மேசையில் போட்டுவைப்பவர் தன் பகுதியின் ஆசனக் கணக்கில் ஓர் ஆளைக் குறைக்கிறார்.

சமத்துவம் முழுச் சமத்துவம் இல்லை என்பதும் உண்மை. எந்த மாகாணத்துக்கும் அதன் செனட்டர்களின், அதாவது மேலவை உறுப்பினர்களின், எண்ணிக்கையை விடக் குறைவாக ஆசனம் இருக்கக்கூடாது என்று 1915 முதல் ஒரு விதி. அதனால் ஒன்றரை இலட்சம் பேர் வாழும் பிரின்ஸ் எட்வேர்ட் தீவுக்கு நான்கு ஆசனங்கள். தொகுதிக்கு 39,000 பேர்கூட இல்லை. கடைசி மீள்வரைவில் கியூபெக் 78இலிருந்து 77ஆகக் குறையவிருந்தது. பாராளுமன்றம் 2022இல் சட்டத்தைத் திருத்தி அதைத் தடுத்தது. 338ஆக இருந்த மொத்த ஆசனங்கள் 343 ஆனது அப்படித்தான்.

சரி, எங்கள் தொகுதிக்கு வருவோம். 1988 தேர்தலில் ஸ்காபரோ–றூஜ் றிவர் என்ற பெயரில் ஒரு தொகுதி முதன்முதல் வந்தது. லிபரல் கட்சியின் டெரெக் லீ 2011 வரை, 22 வருடத்துக்கும் மேலாக அதன் உறுப்பினர். அவர் ஒதுங்கிய 2011 தேர்தலில், யாழ்ப்பாணத்தில் பிறந்த ராதிகா சிற்சபைஈசன் புதிய ஜனநாயகக் கட்சியில் நின்று வென்றார். கனடியப் பாராளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர் அவர். அந்த வெற்றியை எங்கள் சனம் கொண்டாடி ஓய்வதற்குள் அந்தத் தொகுதியே இல்லாமல் போனது. 2012இல் தொடங்கிய மீள்வரைவு றூஜ் றிவரைப் பிரித்துவிட்டது. அதில் ஒரு பகுதி ஸ்காபரோ நோர்த் ஆனது. இன்னொரு பகுதி, றூஜ் ஆற்றைத் தாண்டி இரண்டு நகரங்களில் கால் வைத்திருந்த பிக்கரிங்–ஸ்காபரோ ஈஸ்ட் தொகுதியின் ஸ்காபரோப் பக்கத்தோடு சேர்ந்து ஸ்காபரோ–றூஜ் பார்க் ஆனது. 2015இல் ராதிகா ஸ்காபரோ நோர்த்தில் நின்று, லிபரல் வேட்பாளர் ஷோன் சென்னிடம் தோற்றார். றூஜ் பார்க்கில் லிபரல் கட்சியின் ஹரி ஆனந்தசங்கரி வென்றார்.

2015, 2019, 2021 என்று மூன்று முறை அதே தொகுதியில் வென்ற ஹரி, 2023இல் அமைச்சரானார். 2025இல் புதிய எல்லைகளோடும் புதிய பெயரோடும் வந்த தொகுதியிலும் வென்று, அந்த வருடம் மே மாதம் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். பக்கத்துத் தொகுதியான பிக்கரிங்–புரூக்ளினில் யுவனிதா நாதன் தெரிவானதும் அந்தத் தேர்தலில்தான்.

புதிய பெயருக்குக் காரணம் ரொறன்ரோ ஓர் ஆசனத்தை இழந்தது. ஒன்ராறியோவுக்கு ஓர் ஆசனம் கூடியது, ஆனால் நகரத்துக்கு வெளியே சனம் இன்னும் வேகமாகப் பெருகியதால் ரொறன்ரோவின் 25, 24 ஆனது. ஒன்றைக் குறைத்தால் பக்கத்திலிருப்பவை எல்லாம் நகரும். கில்ட்வூட் றூஜ் பார்க்கோடு ஒட்டியது. ஸ்காபரோ சென்டரும் டொன் வலி ஈஸ்டும் ஒரே பெயருக்குள் வந்தன. ஸ்காபரோ–வோபர்ன் என்று புதிதாக ஒன்று முளைத்தது. பெயர்கள் இரயில் பெட்டிபோல நீள்வதற்கும் காரணம் உண்டு. எந்தச் சமூகமும் தன் பெயர் விட்டுப்போவதை விரும்புவதில்லை.

அப்படியானால் பெப்ரவரியில் ஏன் பழைய பெயர்? 1999 தேர்தலிலிருந்து ஒன்ராறியோ, பிற்காலத்தில் வடக்குப் பகுதிகளைத் தவிர, மத்திய எல்லைகளையே தன் மாகாணத் தொகுதிகளுக்கும் பயன்படுத்தி வந்தது. இந்த முறை மாகாண அரசு புதிய கோடுகளை ஏற்கவில்லை. பழைய 124 தொகுதிகளோடே தேர்தலுக்குப் போனது. அதனால் மாகாணச் சட்டமன்றத்தில் ஸ்காபரோ–றூஜ் பார்க் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் உறுப்பினர் விஜய் தணிகாசலம். ரொறன்ரோ நகரசபையின் 25ஆம் வட்டாரத்துக்கும் அதே பெயர்தான், ஏனென்றால் 2018இல் நகரசபையை 25 வட்டாரமாகச் சுருக்கியபோது அன்றைய தொகுதி எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். ஆக, குடிவரவு, கடவுச்சீட்டு, மத்திய வரி, முதியோர் ஓய்வூதியம் என்றால் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகம். சுகாதார அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம் என்றால் மாகாண உறுப்பினர். குப்பை, நூலகம், பூங்கா என்றால் நகரசபை உறுப்பினர். இவர்களிடம் போக வாக்குரிமை தேவையில்லை, அந்த எல்லைக்குள் வசித்தால் போதும். எந்தத் தொகுதி என்று சந்தேகம் வந்தால் எலெக்ஷன்ஸ் கனடா தளத்தில் தபால் குறியீட்டை இட்டுப் பாருங்கள். பழைய துண்டுப்பிரசுரத்தை நம்பவேண்டாம்.

அடுத்த மீள்வரைவு 2031 குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு. ஆணைக்குழு முதலில் ஒரு வரைவை வெளியிட்டு, பொதுக் கூட்டங்கள் வைத்துக் கருத்துக் கேட்கும். பாராளுமன்ற உறுப்பினர்களும் ஆட்சேபம் எழுப்பலாம். ஆனால் இறுதி முடிவு ஆணைக்குழுவினுடையது. “எங்கள் சனம் இங்கே அதிகம்” என்று மட்டும் சொல்வதை விட, எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோவில், எந்தக் கடைத்தெரு, எந்தப் பஸ் பாதை இரண்டு பக்கத்து ஆட்களையும் இணைக்கிறது என்று வரைபடத்தில் காட்டிப் பேசுவது எடுபடும். ஒரே சமூகமாக வாழும் பகுதிகளையும் தொகுதியின் பழைய வரலாற்றையும் கவனிக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எல்லாம் முடிந்து புதிய எல்லைகள் பிரகடனமானாலும், ஏழு மாதமாவது கழிந்த பிறகு பாராளுமன்றம் கலையும்போதுதான் அவை நடைமுறைக்கு வரும். அதுவரை இடைத்தேர்தல் வந்தாலும் பழைய கோடுதான்.