"இடைக்கால நவீனம்" எந்தக் காலம்?

மிட்-செஞ்சுரி மாடர்ன் என்பதை "இடைக்கால நவீனம்" என்று யாரோ எழுதியதை இந்த மாதத்தில் நான்காவது தடவையாகப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை ஒரு விற்பனைக் குறிப்பில். ஒயிட்ஃப்ரையர்ஸ் என்ற இங்கிலாந்துக் கண்ணாடி ஆலையின் ஆரஞ்சு நிறப் பூச்சாடி, மரப்பட்டை மாதிரி சொரசொரப்பு, கனத்த அடிப்பாகம், படத்தைப் பார்த்தாலே கை நீளும். கீழே "இடைக்கால நவீனக் கலைப்பொருள்".

மிட்-செஞ்சுரி மாடர்ன் என்பதன் அர்த்தம் எளிது: போன நூற்றாண்டின் நடுவில், 1945க்கும் 1970க்கும் இடையில், ஏறக்குறைய, வீட்டுச் சாமான்களில் ஓடிய பாணி. காரா கிரீன்பெர்க் 1984இல் ஐம்பதுகளின் மேசை நாற்காலிகளைப் பற்றிய தன் புத்தகத்துக்கு இந்தப் பெயரையே தலைப்பாக வைத்த பிறகுதான் பெயர் ஊரெல்லாம் பரவியது.

சரி, இடைக்காலம் எங்கிருந்து வந்தது? வரலாற்றில் இடைக்காலம் என்றால் விஜயாலயன் வழிவந்த சோழர் காலம், ஐரோப்பாவில் பிரான்சின் ஷார்த்ர் தேவாலயத்துச் சன்னல் கண்ணாடி. நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை, சட்டமன்றத்தில் இடைக்கால பட்ஜெட். அந்தக் கணக்கில் பார்த்தால் அசல் நவீனம் வந்து சேரும்வரை ஒப்பேற்ற வைத்த ஜாடி என்றாகிறது. போதாததற்கு, பழைய பத்திரிகைகளில் நவீனம் என்றால் நாவல் என்று அர்த்தம். ஒயிட்ஃப்ரையர்ஸின் வடிவமைப்பாளர் ஜெஃப்ரி பாக்ஸ்டர் அச்சுக்குள் மரப்பட்டையைப் பதித்து, அதில் கண்ணாடியை ஊத வைத்து, 1967இல் கடைக்கு வந்த சரக்குக்கு இந்தக் கதி.

"மத்திய நூற்றாண்டு" என்பாரும் உண்டு. மத்திய அரசு போல அது ஏதோ டெல்லியிலிருந்து வருகிற நூற்றாண்டு.

கடலின் நடு நமக்கு நடுக்கடல், இரவின் நடு நடுநிசி, தெருவின் நடு நடுத்தெரு. அப்புறம் நடுநூற்றாண்டு என்பதில் என்ன கஷ்டம்? நடுநூற்றாண்டு நவீனம். நீளம் என்றால் "ஐம்பது அறுபதுகளின் பாணி" என்று விட்டுவிடுங்கள், எந்தக் காலம் என்பதாவது உடனே புரியும். மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் மிட் என்று தேடி, முதலில் கண்ணில் படுகிற சொல்லை அப்படியே ஒட்டிவிட்டு, அது தமிழில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறதா என்று ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. "சமகாலப் பாணி" என்கிற கூட்டத்தைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். ஒயிட்ஃப்ரையர்ஸ் ஆலை மூடியதே 1980இல், அப்புறம் என்ன சமகாலம்?

விற்பவருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். "ஜாடி வேணுமா வேணாமா?" என்று கேட்டார்.