பச்சைச் சாறு குடிக்கும் முன்

காலையில் பூங்கா வாசலில் நின்று அருகம்புல் சாறு குடிப்பவர்களைப் பல ஊர்களில் பார்க்கலாம். இப்போது பாலக், கொத்தமல்லி, புதினா என்று மிக்ஸியில் போட்டு அடித்து, வெறும் வயிற்றில் குடிக்கும் பழக்கம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. இது நல்லதா என்று யாராவது கேட்டால், அவருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நான் முதலில் விசாரிப்பேன்.

கோதுமைப்புல் சாற்றைப் 'பச்சை ரத்தம்' என்கிறார்கள். ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமும், இலைக்குப் பச்சை தரும் குளோரோஃபில்லும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த மூலக்கூறுகள் என்பது உண்மைதான். இரண்டின் அமைப்பையும் ஆராய்ந்த ஜெர்மானிய வேதியியலாளர் ஹான்ஸ் ஃபிஷருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஹீமின் நடுவில் இருப்பது இரும்பு. குளோரோஃபில்லின் நடுவில் இருப்பதோ மக்னீசியம். அதுவும் அமிலம் பட்டால் கழன்றுவிடும். கீரையில் புளி விட்டு வேகவைத்தால் பளிச்சென்ற பச்சை மங்கிப் பழுப்பேறுவது இதனால்தான். இரைப்பை அமிலத்திலும் இதே கதைதான். குளோரோஃபில் ரத்தமாக மாறுவதில்லை. ரத்தசோகை உள்ளவர்கள் இந்தச் சாற்றை நம்பி இரும்புச்சத்து மாத்திரையைத் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

சரி, சாற்றில் நன்மையே இல்லையா? இருக்கிறது. ஃபோலேட், பொட்டாசியம், வைட்டமின் சி எல்லாம் கிடைக்கும். கீரையிலுள்ள நைட்ரேட் ரத்தக் குழாய்கள் தளர உதவும். ஆனால் வடிகட்டிச் சக்கையை எறிந்தால் நார்ச்சத்தின் பெரும்பகுதி அதோடு போய்விடும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராமாவது நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது, கீரையில் இயல்பாகவே இருக்கும் ஆக்சலேட் என்ற வேதிப்பொருள். 100 கிராம் பச்சைப் பாலக்கில் அது 600 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கலாம். கூட்டோ மசியலோ செய்தால் ஒரு கட்டுக் கீரையை நாலு பேர் சாப்பிடுவோம். சாறாக்கினால் அவ்வளவும் ஒருவர் வயிற்றுக்குள் ஒரே தம்ளரில் இறங்கிவிடுகிறது. ஆக்சலேட் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போய், அங்கே கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகும்; சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். கீரைச் சாற்றை நாள்தோறும் குடித்துச் சிறுநீரகமே பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கீரையை வேகவைத்து நீரை இறுத்துவிட்டால் ஆக்சலேட்டில் கணிசமான பங்கு வெளியேறும். கூடவே தயிரோ மோரோ சேர்த்துக்கொண்டால், அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். கல் வந்து ஒருமுறை துடித்தவர்கள் பாலக் சாற்றின் பக்கமே போக வேண்டாம்.

இதய வால்வு மாற்றிக்கொண்டு வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு வேறொரு சிக்கல். ரத்தம் உறைய வைட்டமின் கே தேவை. வார்ஃபரின் அதன் வேலையைத் தடுக்கும் மருந்து. 100 கிராம் பாலக்கில் ஒரு நாள் தேவையைப் போல நான்கு மடங்கு வைட்டமின் கே இருக்கிறது. திடீரென்று தினமும் சாறு குடிக்க ஆரம்பித்தால் மருந்தின் பலன் குறைந்து, ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

அப்புறம், சுரைக்காய்ச் சாறு. சில காய்களில் குகுர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு மிகுந்திருக்கும். அப்படிப்பட்ட சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் நம் நாட்டில் உண்டு. அரைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயை முழுதாகத் தூக்கிப் போட்டுவிடுங்கள். தேனோ எலுமிச்சையோ சேர்த்துக் கசப்பை மறைக்கவே கூடாது.