குழாயடியிலிருந்து கட்டில் ஓரத்துக்கு

1994-ல் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கை கழுவியே ஆக வேண்டிய தருணங்களில் ஊழியர்கள் எத்தனை முறை உண்மையிலேயே கழுவுகிறார்கள்? 48 சதவீதம்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் 36. உடம்பெல்லாம் குழாய் செருகிய, எதிர்ப்புச் சக்தி வற்றிய நோயாளிகள் இருக்கும் இடத்தில்தான் நிலைமை படுமோசம்.

தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பாக இருந்த டிடியே பிட்டே, இதை ஊழியர்களின் அலட்சியம் என்று ஒதுக்காமல் நேரத்தைக் கணக்குப் பார்த்தார். தீவிர சிகிச்சையில் ஒரு நோயாளியைக் கவனிக்கும் ஒரு மணி நேரத்தில் கைச்சுத்தம் தேவைப்படும் தருணங்கள் சுமார் 22. தொட்டிவரை போய், சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துத் திரும்ப ஒரு நிமிடத்துக்குக் குறையாது. விதியை அப்படியே கடைப்பிடித்தால் மணிக்கு 22 நிமிடம் குழாயடியிலேயே போய்விடும். வேலை கூடக் கூடக் கழுவுவது குறைந்ததில் என்ன வியப்பு?

குழாயடிக்குப் போகாமலே கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் கைதேய்ப்புத் திரவம் அன்றைக்குப் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. அதைக் கட்டில் ஓரத்துக்கும் சட்டைப் பைக்கும் கொண்டுவந்ததுதான் புதுமை. கூடவே சுவரொட்டிகள், தொடர் கணக்கெடுப்பு, நிர்வாகத்தின் ஆதரவு. 1997-ல் கைச்சுத்தம் 66 சதவீதமானது. மருத்துவமனையில் தொற்றிய நோயுள்ளவர்களின் விகிதம் 16.9-லிருந்து 1998-க்குள் 9.9 சதவீதமாக இறங்கியது. செவிலியர்கள் நன்றாகவே மாறினார்கள். மருத்துவர்களிடம் பெரிய மாற்றமில்லை!

இந்தத் திரவத்துக்கு உலக சுகாதார நிறுவனம் பின்னர் வெளியிட்ட செய்முறை எந்த மருந்தகத்திலும் செய்யக்கூடியது. 10 லிட்டருக்கு 96% எத்தனால் 8,333 மி.லி., 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி., 98% கிளிசரின் 145 மி.லி.; மீதி, காய்ச்சி ஆறவைத்த நீர். 8,333-ஐ 0.96-ஆல் பெருக்கினால் 8,000, அதாவது 80 சதவீத எத்தனால்.

சுத்த ஆல்கஹாலையே பூசினால் என்ன? கிருமியின் புரதங்கள் குலைந்து உருமாற நீரும் வேண்டும். நீரில்லா ஆல்கஹாலுக்கு வீரியம் குறைவு. கிளிசரின் தோல் வெடிக்காமல் காக்கிறது; கூடினால் கை பிசுபிசுக்கும், பிறகு யாரும் தொடமாட்டார்கள். அளவுக் குடுவையின் சுவரில் அது ஒட்டிக்கொள்ளும் என்பதால் குடுவையை நீரால் அலசி அதையும் கலவையிலேயே ஊற்ற வேண்டும். பெராக்சைடின் வேலை கையில் இல்லை, புட்டிக்குள். ஆல்கஹாலுக்குச் சாகாத பாக்டீரியா உறைவித்துகள் (கெட்டி உறைக்குள் உறங்கும் கிருமி) மூலப்பொருளிலோ புட்டியிலோ இருந்தால் அழிக்கிறது. அதற்கு அவகாசம் தரத்தான் நிரப்பிய புட்டிகளை 72 மணி நேரம் தனியே வைக்கிறார்கள். ஆல்கஹாலின் செறிவைக் காட்டும் கருவியான ஆல்கஹால்மானியில் 75-க்கும் 85 சதவீதத்துக்கும் இடையே காட்டாத கலவையைத் திருத்தாமல் வெளியே விடக்கூடாது. இது அறை வெப்பநிலையிலேயே தீப்பற்றும் ஆவியை விடும் சரக்கு. பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ ஆகாது.

பயன்படுத்தும்போதுதான் கோட்டை விடுகிறார்கள். இரண்டு சொட்டு விட்டால் பத்து விநாடியில் காய்ந்துவிடும். உள்ளங்கைக் குழி நிறைய எடுத்து 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது கட்டைவிரலும் விரல் நுனிகளும். நோயாளியை முதலில் தொடுவதோ அந்த நுனிகள்தான். ஈரக் கையில் தேய்த்தால் கலவை நீர்த்துப்போகும். கையுறை போட்டிருக்கிறோமே என்று விடுவதும் தவறு: கழற்றும்போது கையில் அழுக்குப் படும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் உண்டு.

ரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். குளோஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி பரவும் வார்டிலும் அப்படியே. அதன் உறைவித்துகளை அரை நிமிட ஆல்கஹால் ஒன்றும் செய்யாது. தேய்த்து, நீரோடு அடித்துக்கொண்டு போக வைக்கத்தான் முடியும். அங்கே மட்டும் பழையபடி குழாயடிக்கு நடக்க வேண்டியதுதான்.